நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டியில் அதிர்வு எங்கே பிறக்கிறது?

மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டதும் காலடித் தகடு முணுமுணுக்கத் தொடங்குகிறது. 90ல் அது இருக்கைக்கு ஏறுகிறது. 100ஐத் தாண்டினால் ஓரளவு அடங்குகிறது. வீல் பேலன்சிங் செய்தாயிற்று, அலைன்மென்ட் பார்த்தாயிற்று, டயர் நான்கும் புதிது; அதிர்வு மட்டும் போகவில்லை. பதினைந்து, இருபது வயதான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் அடிக்கடி எழும் புகார் இது. பட்டறைக்குப் பட்டறை விடை மாறும். ஒருவர் டயரைக் காட்டுவார், இன்னொருவர் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைக் காட்டுவார், மூன்றாமவர் கியர்பாக்ஸ் மவுண்டிங் என்பார், நான்காமவர் நடு டிஃபரன்ஷியலே போய்விட்டது என்பார். நால்வருமே கைதேர்ந்தவர்களாக இருக்கக்கூடும்.

சுழலும் தண்டு ஏன் அதிர்கிறது என்ற கேள்வி மோட்டார் வாகனத்தைவிட மூத்தது. பட்டறையில் இன்று காதில் விழும் விடைகள் ஒவ்வொன்றும் அந்த நீண்ட விவாதத்தின் ஏதோவொரு கட்டத்தில் பிறந்தவை. அவற்றை எதுவரை நம்பலாம், எங்கே அவை கைவிடும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றையொன்று மறுப்பவைபோலத் தோன்றினாலும், இந்த விடைகள் பெரும்பாலும் வேறுவேறு கேள்விகளுக்கு உரியவை. அதிர்வை உண்டாக்குவது எது, அதை உடலுக்குக் கடத்துவது எது, பெருக்குவது எது என்ற மூன்றும் புதிய வண்டியில் தனித்தனியாகத் தெரியும். பழைய வண்டியில் மூன்றும் சேர்ந்தே மூப்படைகின்றன. குழப்பத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

தண்டுகள் கூடும்போது

எஞ்சின் முன்னால் இருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் சந்தேகப்பட ஒரே ஒரு நீளத் தண்டுதான். நான்கு சக்கரமும் இழுக்கத் தொடங்கியதும் எண்ணிக்கை பெருகுகிறது. 1985ல் வந்த மாருதி ஜிப்சியை எடுத்துக்கொள்ளலாம். அதில் கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி. இரண்டையும் இணைக்க ஒரு குட்டை ஷாஃப்ட், அங்கிருந்து முன்னே ஒன்று, பின்னே ஒன்று என மொத்தம் மூன்று. 1.3 லிட்டர் ஜிப்சியின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ‘ஹை’ நிலையிலும் வேகத்தை 1.409க்கு 1 என்று குறைத்தே கொடுக்கிறது. ஆகவே குட்டை ஷாஃப்ட் மற்ற இரண்டையும்விட ஏறத்தாழ 1.4 மடங்கு வேகமாகச் சுற்றும். ஒரே வண்டியில், ஒரே வேகத்தில், இரண்டு வெவ்வேறு துடிப்புகள்!

1970ல் வந்த ரேஞ்ச் ரோவர், 1997ல் வந்த சுபாரு ஃபாரஸ்டர் போன்றவை எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை அனுப்புபவை. ஜிப்சியிலோ பழைய மஹிந்திரா ஜீப்பிலோ ஒரு லீவரைத் தள்ளி முன் அச்சைத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதைத் திறந்துவிட்டாலே முன் ஷாஃப்ட் நின்றுவிடும். பூட்டியே வைத்திருந்தால் டூ வீலில் ஓடும்போதும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நிரந்தர வகையில் இந்த எளிய சோதனைக்கு வழியில்லை. நோய் காண்பது அதில் கடினமாவதற்கு முதற்காரணம் இதுவே.

எடைச் சமநிலை என்ற விடை

மிகப் பழக்கமான விளக்கம் இது. சுழலும் பொருளின் எடை அச்சைச் சுற்றிச் சமமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அது வெளிநோக்கி இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும்.

ஓர் உதாரணக் கணக்கு. டயரின் சுற்றளவு 2.1 மீட்டர், அச்சின் விகிதம் 4.1 என்று கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 10.6 முறையும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் 43 முறைக்குச் சற்றுக் கூடுதலாகவும் சுற்றும். ஷாஃப்ட்டின் மேல், மையத்திலிருந்து 40 மில்லிமீட்டர் தள்ளி 20 கிராம் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் போதும், அது ஏறத்தாழ 6 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் திசை மாற்றி மாற்றி இழுக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகளுக்குச் சர்வதேசத் தரநிலை வழக்கமாகக் குறிக்கும் ஜி16 என்ற தரத்தை இதே வேகத்துக்குப் பொருத்தினால், 10 கிலோ ஷாஃப்ட்டில் அந்த இடத்தில் சுமார் 15 கிராம் வரைதான் பொறுக்கலாம். சேற்றில் இறங்கி ஏறிய வண்டியின் அடியைக் கழுவாமல் பெரிய முடிவுகளுக்குப் போகக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஷாஃப்ட்டில் பற்றவைத்த சிறு எடைத்தகடு விழுந்து, அதன் வெல்டிங் தடம் மட்டும் நிற்பதையும் பழைய வண்டிகளில் காணலாம்.

இந்த விளக்கத்தின் பலவீனம், அளவுக்கு மீறி நம்பப்படுவதே. பேலன்சிங் எந்திரம் எடையை மட்டும் அளக்கிறது. டயரின் வட்டத்தன்மையையும் அதன் விறைப்பு சுற்றிலும் சீராக இருக்கிறதா என்பதையும் அளப்பதில்லை. நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டியின் டயர் ஒருபக்கம் தட்டையாகியிருக்கலாம். உள்ளே பட்டை பிரிந்திருக்கலாம். எந்திரத்தில் பூஜ்யம் காட்டிய சக்கரம் சாலையில் குதிக்க இது போதும். சுமையோடு உருட்டிப் பார்க்கும் எந்திரங்கள் வந்துவிட்டன. எல்லா ஊரிலும் அவை இல்லை. அவை இல்லாத இடத்தில், முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி அதிர்வு இடம் மாறுகிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

கோணம் என்ற விடை

சாய்ந்த இரு தண்டுகளை இணைக்கும் கார்டான் இணைப்பின் பெயர் இத்தாலியின் கார்டானோவிடமிருந்து வந்தாலும், இந்த இணைப்பின் குணத்தை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ஹூக். 17ஆம் நூற்றாண்டில் அவர் கண்டது இது: சாய்ந்து இணைந்த இரு தண்டுகளில் ஒன்று சீராகச் சுற்றினாலும் மற்றது ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகமெடுத்து இருமுறை தளர்கிறது. ஓர் இணைப்பின் பிசகை இன்னோர் இணைப்பால் ஈடுசெய்யலாம் என்பதையும் 1683ல் அவர் முன்வைத்தார். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வில்லிஸும் பொன்செலேயும் அதைக் கணிதமாக வகுத்தார்கள். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903ல் காருக்கான வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் பட்டறைகளில் ‘கிராஸ்’ என்று கேட்டு வாங்குவது அந்த இணைப்பின் சிலுவைத் துண்டைத்தான்.

கோணம் 3 டிகிரி என்றால் வேக ஏற்றத்தாழ்வு மேலும் கீழும் 0.14 சதவீதம், யாருக்கும் தெரியாது. 10 டிகிரியில் அது 1.5 சதவீதத்தைத் தாண்டும். விநாடிக்கு 43 முறை சுற்றும் ஷாஃப்ட்டில் இது 87 துடிப்பாக, உறுமலாகக் கேட்கும். இரு முனையிலும் கோணம் சமமாக இருந்து, சிலுவையைப் பிடிக்கும் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நின்றால் ஒன்றின் பிசகை மற்றது விழுங்கிவிடும். இந்த நிபந்தனை குலைவதற்குப் பழைய வண்டியில் வழிகள் ஏராளம். லீஃப் ஸ்பிரிங் அமிழ்ந்து பின் அச்சின் மூக்கு மேலோ கீழோ திரும்புகிறது. உயரத்துக்காகக் கட்டையோ நீளமான ஷேக்கிளோ வைத்தால் ஒரு முனையின் கோணம் மட்டும் மாறுகிறது. கியர்பாக்ஸ் மவுண்டிங் தாழ்ந்தால் மறுமுனை மாறுகிறது.

இன்னொரு வழி கைப்பிழை. கிராஸ் மாற்ற ஷாஃப்ட்டைக் கழற்றும்போது நடுவிலுள்ள பல்வரிசை உருவிக்கொண்டு வரும். மறுபடி செருகும்போது ஒரு பல் தள்ளிப் போனாலும் இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்காது. புதுக் கிராஸ் போட்ட பிறகு அதிர்வு அதிகமாகிவிட்டது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. கழற்றுமுன் இரு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் கவைகள் எப்போதும் நேராகத்தான் நிற்க வேண்டும் என்ற விதியும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சில லேண்ட் ரோவர் வண்டிகளின் முன் ஷாஃப்ட்டில், இரு முனைக் கோணங்களும் ஒரே தளத்தில் இல்லாததால், கவைகளை வேண்டுமென்றே திருப்பி வைத்திருக்கிறார்கள். தெரியாமல் அதை நேராக்கினால் இல்லாத அதிர்வு வந்து சேரும்.

கிராஸ் கெட்டுப்போவதிலும் இரு வகை உண்டு. ஆட்டம் கொடுப்பது எளிதில் பிடிபடும்: ஷாஃப்ட்டைக் கையால் திருகினால் கடக்கென்று சத்தம் வரும். இறுகிப்போன கிராஸோ அடியில் படுத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஷாஃப்ட்டைக் கழற்றி, கவையைப் பிடித்து மெல்ல மடக்கினால், நேரான நிலையில் ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கி எழுவதைக் கை உணரும். ஊசி பேரிங்குகள் சிலுவையின் முகத்தில் வரிவரியாகப் பதிந்து உண்டாக்கிய பள்ளம் அது. மூடியைச் சுற்றித் துருநிறப் பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று கொள்ளலாம். சுபாருவின் பழைய ஷாஃப்ட்டுகளில் கிராஸ் நசுக்கிப் பொருத்தப்பட்டிருப்பதால், தனியே கழற்றி மாற்றும் வகையில் அவை அமையவில்லை. ஷாஃப்ட்டையே மாற்ற நேர்கிறது. இந்தச் செலவுதான் பலரைக் கோண விளக்கத்தைத் தள்ளிப்போட்டு மற்றவற்றை முதலில் மாற்ற வைக்கிறது.

கோணத்தால் வேகம் மாறாத இணைப்புகளும் உண்டு. 1926ல் பிரான்சின் ட்ராக்டா, அதையொட்டி ர்செப்பாவின் குண்டு வகை. சிவி ஜாயின்ட் என்று நாம் சொல்வது இந்தக் குடும்பம். இவையும் மூப்பிலிருந்து தப்புவதில்லை. உட்பக்கத்து மூன்றுகால் இணைப்பு தேய்ந்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வண்டி பக்கவாட்டில் நடுங்கும். காலை எடுத்ததும் நின்றுவிடும்.

நீளமும் ரப்பரும்

1869ல் ஸ்காட்லாந்தின் ராங்கின், சுழலும் தண்டுக்கு ஒரு வேக எல்லை உண்டு என்று எழுதினார். அதைத் தாண்டவே முடியாது என்று அவர் கருதியது தவறாயிற்று. ஸ்வீடனின் தெ லாவால் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மெல்லிய தண்டுடன் நீராவி டர்பைனை அந்த எல்லைக்கு மேலே ஓட்டிக் காட்டினார். தாண்டிய பின் தண்டு ஏன் அடங்குகிறது என்பதை 1919ல் ஜெஃப்காட் விளக்கினார். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எழுந்து, அதைத் தாண்டினால் குறையும் அதிர்வைப் புரிந்துகொள்ள இந்த மரபுதான் கைகொடுக்கிறது.

குழாயின் நீளம் இரட்டித்தால் அதன் எல்லை வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். நீளமான ஷாஃப்ட்டை இரண்டாக வெட்டி நடுவில் சென்டர் பேரிங் வைப்பது இதற்காகவே. அந்த பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்தால் ஷாஃப்ட் மறுபடி நீளமான ஷாஃப்ட்டைப்போல நடந்துகொள்ளத் தொடங்கும்.

மவுண்டிங் ரப்பர் வேறு விதமாக ஏமாற்றும். ரப்பரில் நிற்கும் எஞ்சினுக்கு ஓர் இயல்புத் துடிப்பு உண்டு. அதைப்போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட துடிப்புகளை மட்டுமே ரப்பர் தடுக்கும். அதற்குக் கீழே பெருக்கவும் செய்யும். ஆண்டுகள் போகப்போக ரப்பர் இறுகினால் இந்த எல்லை மேலே நகரும். நேற்றுவரை வடிகட்டப்பட்ட ஒரு துடிப்பு இன்று உள்ளே வருகிறது. உண்டாக்கும் பாகம் எதுவும் புதிதாகக் கெடவில்லை. மவுண்டிங்கை மாற்றியதும் அதிர்வு போய்விட்டது என்ற அனுபவத்தை இந்தக் கோணத்தில் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூலம் அப்படியே இருக்க, கதவு மட்டும் சாத்தப்பட்டிருக்கலாம். அந்த மூலம் தேய்ந்த கிராஸாக இருந்தால், எச்சரிக்கை மணியை அணைத்ததற்குச் சமம்.

நான்கு சக்கரத்துக்கே உரிய பிணக்கு

இதுவரை சொன்னவை எந்த வண்டிக்கும் பொருந்தும். முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கே உரியது.

1966ன் ஜென்சன் எஃப்எஃப், 1980ன் ஆடி குவாட்ரோ தொடங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான வேக வேறுபாட்டைச் சமாளிக்கப் பல வழிகள் வந்தன. 1980ன் ஏஎம்சி ஈகிள் காலத்திலிருந்து பரவிய ஒன்று, சிலிகோன் திரவத்தில் மூழ்கிய தகடுகளாலான விஸ்கஸ் கப்ளிங். ஃபாரஸ்டரின் மேனுவல் வகையில் இதுவே நடு டிஃபரன்ஷியலோடு இருக்கிறது. நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாருவின் அறிவுரை. இது எவ்வளவு கறாரானது என்பது கணக்கிட்டால்தான் விளங்கும்: டயர் தடம் 1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே சுற்றளவு 6.3 மில்லிமீட்டர் குறைகிறது. பங்க்சரான ஒரு டயருக்குப் பதில் ஒரே ஒரு புது டயர் வாங்குவது, நம் சாலைகளில் அன்றாடம் நடப்பது, இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது.

சூடேறிச் சூடேறித் திரவம் கெட்டியானால் அச்சுகள் இரண்டும் பூட்டியதுபோல ஆகிவிடும். அறிகுறி தெளிவானது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வளைக்கும்போது வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோலத் திணறித் துள்ளும். நேர்சாலையில் வேகத்தோடு எழும் முணுமுணுப்புக்கு இதை முதற்காரணமாகச் சொல்வது பொருந்தாது. எனினும் நடு டிஃபரன்ஷியலின் தலையில் பழியைப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பழைய ஆட்டோமேட்டிக் சுபாரு பலவற்றில், எஞ்சின் அறையிலுள்ள ஓர் இடத்தில் ஃபியூஸ் ஒன்றைச் செருகினால் பின் அச்சுக்கு விசை போவது நிற்கும். திணறல் அப்போது மறைந்தால் பிணக்கு உறுதி. மறையாவிட்டால் தேடலை வேறிடம் திருப்பலாம். ஆனால் ஷாஃப்ட் அப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஷாஃப்ட்டின் எடைப் பிசகை இந்தச் சோதனை காட்டாது.

எண்ணிப் பார்க்கும் வழி

கடைசியாக வந்த தரப்பு, எந்தப் பாகம் என்று ஊகிப்பதை ஒத்திவைத்துத் துடிப்பை எண்ணச் சொல்கிறது. எந்த அதிர்வையும் தூய துடிப்புகளாகப் பிரிக்கலாம் என்ற ஃபூரியேயின் கணிதம் 1822ல் நூலாக வந்தது. அதை விரைவாகச் செய்யும் முறையை 1965ல் கூலியும் டூக்கியும் வெளியிட்டார்கள். இன்று கைபேசியே அதைச் செய்கிறது. 80 கிலோமீட்டரில் விநாடிக்கு 10 அல்லது 11 துடிப்பென்றால் சக்கரம், 43 என்றால் ஷாஃப்ட்டின் எடை, 87 என்றால் ஷாஃப்ட்டின் கோணம் என்று நம் உதாரண வண்டியில் வாசிக்கலாம்.

இந்த வழியே மற்றவற்றைவிட நேர்மையானது என்பது என் கணிப்பு. ஆயினும் பொறிகள் இதிலும் உண்டு. பல பழைய கியர்பாக்ஸ்களில் நான்காவது கியர் ஒன்றுக்கு ஒன்று. அந்தக் கியரில் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டும் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் துடிப்பும் ஒன்றாகிவிடும். அதே சாலை வேகத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கிப் பார்த்தால்தான் பிரியும்: துடிப்பு உயர்ந்தால் எஞ்சின், மாறாவிட்டால் ஷாஃப்ட் அல்லது சக்கரம். கைபேசியின் உணரி விநாடிக்கு 100 முறை மட்டும் அளந்தால் 50க்கு மேற்பட்ட துடிப்பைச் சரியாகக் காட்டாது. 87 துடிப்பு 13 ஆக மடங்கித் தெரிந்து, குற்றமில்லாத டயரின் மேல் பழி விழும்.

எண்ணிக்கை எந்தத் தண்டு என்று சொல்லும். அது ஏன் அதிர்கிறது என்பதற்கு மறுபடி அடியில் படுத்துப் பார்க்கத்தான் வேண்டும். தூக்கி நிறுத்திய வண்டியில் சக்கரங்கள் தொங்கும்போது கோணங்களே மாறிவிடுவதால், லிஃப்ட்டில் ஓடவிட்டுப் பார்ப்பதும் எளிதில் திசைதிருப்பும்.

தீராமல் நிற்பவை

மூன்று கேள்விகளுக்கு இன்னும் உறுதியான விடை சொல்ல முடியாது. முதலாவது, ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்பக்கம், இருக்கையில் தெரிந்தால் பின்பக்கம் என்ற பழைய விதி. நான்கு சக்கர வண்டியில் அதிர்வு தரைத்தகடு வழியே எங்கும் பயணிப்பதால் அதை முதல் ஊகமாக மட்டுமே கொள்ளலாம்.

இரண்டாவது, வந்து வந்து போகும் அதிர்வு. முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. டயர்களின் சுற்றளவில் அரை சதவீதம் வேறுபாடு இருந்தால், இரண்டின் துடிப்பும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை கூடிப் பெருத்தும் எதிர்த்து அடங்கியும் வரும். இரண்டிலும் இருப்பது தனித்தனியே பொறுக்கத்தக்க சிறு பிசகுதான். அப்படியானால் குற்றவாளி எது? ஒன்றைச் சரிசெய்தாலே போதுமா என்பது வண்டிக்கு வண்டி மாறுகிறது.

மூன்றாவது, செலவின் வரிசை. மலிவான ரப்பரை முதலில் மாற்றுவதா, விலையுயர்ந்த ஷாஃப்ட்டை முதலில் கழற்றுவதா? காசை நோக்கினால் முதல் வழி, பத்திரத்தை நோக்கினால் இரண்டாவது. கிராஸ் முறிந்த ஷாஃப்ட் சாட்டையாகச் சுழன்று கியர்பாக்ஸின் அலுமினிய உடலைப் பிளந்துவிடக்கூடும். இந்த ஒரு காரணத்தாலேயே, ரப்பருக்கும் டயருக்கும் முன்பாக ஷாஃப்ட்டைக் கழற்றிக் கிராஸைக் கையால் மடக்கிப் பார்ப்பது மேல் என்று தோன்றுகிறது.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகுமுன் எந்த வேகத்தில் தொடங்கியது, எந்தக் கியரில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதா விடும்போதா, நேரிலா வளைவிலா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஷாஃப்ட்டைத் திருகும்போது கிராஸில் ஆட்டம் தெரிந்தால் அதை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.